தமயந்தி நாலு போட்டாள்

ஐந்து மணிக்கு என்றிருந்த கூட்டத்தை மூன்று மணிக்கு ஏன் மாற்றினார்கள் என்பதுதான் தமயந்திக்குப் பிடிபடவில்லை. மாற்றுவதாக இருந்தால் காலையிலேயே சொல்லியிருக்கலாம். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது கைப்பேசி அதிர்ந்து, ஈரக் கையோடு எடுத்துப் பார்த்தால் நேரம் மாறியிருக்கிறது, இடமும் மாறியிருக்கிறது. வழக்கமான பெரிய அறை இல்லையாம், ஏழாவது மாடி மூலையில் இருக்கிற கண்ணாடி அறையாம். அந்த அறைக்கு யாரைக் கூப்பிடுவார்கள் என்று இந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். வேலையிலிருந்து ஆளை நிறுத்தும்போது அங்கேதான் கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் பாட்டிலை முன்னால் நகர்த்துவார்கள். அவள் எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டாள். முதுகுக்குப் பின்னால் யாரும் வரக்கூடாது என்று சுவரோர நாற்காலியைத் தேடினால் சுவர் என்று ஒன்றே இல்லை, சுற்றிலும் கண்ணாடி. கீழே பழைய மகாபலிபுரம் சாலையில் லாரிகள் சத்தமில்லாமல் ஊர்ந்தன. வெள்ளைப் பலகையில் வேறு ஏதோ குழு எழுதி அரைகுறையாக அழித்துவிட்டுப் போன எழுத்துகள். யாரோ சாப்பாட்டு டப்பாவை இங்கேயே திறந்திருக்க வேண்டும், ஏசி காற்றில் புளிக்குழம்பு வாசனை சுற்றிச் சுற்றி வந்தது. இன்றைக்கு முடிவெடுக்க வேண்டியது ஒரே விஷயம். டயாலிசிஸ் மையங்களுக்காக இவர்கள் எழுதிய மென்பொருளை வருகிற திங்கட்கிழமை எல்லா மையங்களிலும் ஓடவிடலாமா, கூடாதா. மற்றவர்கள் எழுதியதில் பிழை இருக்கிறதா என்று வெளியே போகுமுன் சோதித்துச் சொல்வது தமயந்தியின் வேலை. அதாவது, போன பிறகு ஏதாவது நடந்தால் முதலில் யார் பெயரைக் கேட்பார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. மற்ற எல்லாவற்றிலும் அவளுக்குச் சந்தேகம் இருந்தது.

காலையில் பார்த்ததை மறுபடி நினைத்துப் பார்த்தாள். கீழே டீக்கடையில் லோகநாயகியும் ஜெபசிங்கும் நின்றிருந்தார்கள். லோகநாயகி புதிதாக வந்த மேலாளர், புனேயிலிருந்து மாற்றலாகி வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஜெபசிங் இந்த மென்பொருளின் பெரும்பகுதியை எழுதியவன், நாசரேத்துக்காரன், அதிர்ந்து பேசமாட்டான். அவன் டீக்கடைக்கு வருவதே அபூர்வம், இருக்கையிலேயே உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து ஊற்றிக் குடிப்பவன். அவன் ஏதோ தலையைக் குனிந்து சொல்ல, அந்த அம்மாள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். தமயந்தி கிட்டே போனதும் பேச்சு நின்றுவிட்டது. நின்றது மட்டுமா, ஜெபசிங் திரும்பி, "வாங்க தமயந்தி, டீ சாப்பிடறீங்களா?" என்றான். மூன்று வருஷமாக ஒரே வரிசையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள், ஒருநாளும் அவன் வாங்க என்று சொன்னதில்லை. தலையை ஆட்டுவான், அவ்வளவுதான். இன்றைக்கு என்ன திடீர் வாங்க? வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். லிப்டில் ஏறின பிறகுதான், வேண்டாம் என்று சொல்லியிருக்கக்கூடாது, நின்று ஒரு டீ வாங்கியிருந்தால் பேச்சை எங்கே கொண்டுபோகிறார்கள் என்று தெரிந்திருக்கும் என்று தோன்றியது. பிறகு அதுவும் இல்லை, நின்றிருந்தால் மழையைப் பற்றிப் பேசியிருப்பார்கள். லோகநாயகி மழையைப் பற்றிப் பேசுவதில் கெட்டிக்காரர். யாரையும் குற்றம் சொல்லமாட்டோம், என்ன நடந்தது என்று மட்டும் பேசுவோம் என்று வந்த முதல் நாளே சொன்னவர். குற்றம் சொல்லமாட்டோம் என்று யார் முதலில் சொல்வார்கள்? குற்றம் சொல்ல ஆள் தேடுகிறவர்கள்தானே.

அப்புறம் அந்த எடை. எங்கே சுற்றினாலும் மனம் அந்த எடையில் வந்து இடித்துக்கொண்டது. சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு உடம்பில் சேர்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லை. தண்ணீர் இல்லாமல் அவர்கள் எடை எவ்வளவு இருக்க வேண்டும் என்று டாக்டர் ஒரு கணக்கு வைத்திருப்பார், டிரை வெயிட் என்பார்கள். அன்றைக்கு இருக்கும் எடையிலிருந்து அதைக் கழித்தால், இயந்திரம் எவ்வளவு தண்ணீரை உறிஞ்ச வேண்டும் என்று தெரிந்துவிடும். அந்தக் கழித்தலைத்தான் இவர்கள் மென்பொருள் செய்தது. போன வாரம் ஆரோக்கியம் என்ற பெயரில், சோதனைக்கென்று உருவாக்கிய நோயாளிக்கு, அவள் டிரை வெயிட்டை ஐம்பத்து நாலிலிருந்து ஐம்பத்தாறாக மாற்றிச் சேமித்தாள். கழுத்து வலிக்கிறதென்று ஒரு நிமிஷம் நிமிர்ந்துவிட்டு மறுபடி பார்த்தால் ஐம்பத்து நாலு. தான்தான் சேமிக்க மறந்துவிட்டோம் என்று நினைத்து, கையோடு மறுபடி ஐம்பத்தாறு போட்டுச் சேமித்துவிட்டாள். அது அப்படியே நின்றது. அதற்குப் பிறகுதான் யோசித்தாள். மறக்கவில்லையே, சேமித்தோமே, பச்சை எழுத்தில் சேமிக்கப்பட்டது என்று வந்ததே. இரண்டு கிலோ என்பது காகிதத்தில் இரண்டு. ஒரு மனித உடம்பில் தேவையான தண்ணீரில் இரண்டு லிட்டரைக் கூடுதலாக உறிஞ்சி எடுத்தால் ரத்த அழுத்தம் சரிந்து, படுத்த படுக்கையில் கண் செருகிவிடும். அவள் எழுந்து போய் ஜெபசிங்கிடம் சொன்னாள். அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், மறுபடி வருகிறதா பாருங்கள், வந்தால் சொல்லுங்கள் என்றான். மறுபடி வரவே இல்லை. அந்த வாரம் முழுக்க ஆரோக்கியத்துக்கு எடையை ஏற்றினாள், இறக்கினாள், தாம்பரம் மையத்திலிருந்து அண்ணா நகர் மையத்துக்கு மாற்றினாள், திரும்பக் கொண்டுவந்தாள். பிழை மட்டும் வரமாட்டேன் என்றது. வராத பிழையைப் பிழை என்று பதிவு செய்ய முடியுமா? முடியும். பதிவு செய்தால், நிரூபிக்க முடியவில்லை என்று எழுதி மூடுவார்கள். அவள் பதிவு செய்யவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் ஜெபசிங் அதே பகுதியில் ஏதோ மாற்றி உள்ளே ஏற்றியிருந்தான். சிறு சீரமைப்பு என்று குறிப்பு. அவளுக்குக் கணினி மொழி ஓரளவுதான் படிக்கத் தெரியும், ஆனால் எந்த இடத்தில் கை வைத்திருக்கிறான் என்று தெரியும். எடை சேமிக்கிற இடம். சிறு சீரமைப்பாம். சத்தமில்லாமல் திருத்திவிட்டான். திருத்தியதை ஏன் சொல்லவில்லை? அல்லது அரைகுறையாகத் திருத்தி, நாளைக்கு எங்காவது ஒரு மையத்தில் எவராவது கண் செருகி விழுந்தால், சோதனை செய்தவர்கள் பதிவே செய்யவில்லையே என்று பலகையில் காட்டுவதற்காகவா? அப்படித்தான் இருக்கும். அப்படி இல்லாமலும் இருக்கலாம். அப்படி இல்லாமல் இருந்தால் அந்த வாங்க எதற்கு?

வீட்டில் கணவன் கதிரேசன் சொல்வான், ஆபீஸை விட்டு வரும்போது டெஸ்டிங்கையும் அங்கேயே விட்டுவிட்டு வா என்று. கேஸ் அடுப்பை மூடினோமா என்று படி இறங்கின பிறகு ஏறிப்போய்ப் பார்ப்பாள். மகள் ஹோம்வொர்க் முடிச்சிட்டேன் என்றால், எங்கே காட்டு என்பாள். கரண்ட் பில் கட்டிவிட்டேன் என்று அவன் சொன்னால், சரி என்று சொல்லிவிட்டு, அவன் குளிக்கப் போனதும் தன் கைப்பேசியில் பார்த்துக்கொள்வாள். கட்டியிருப்பான். எப்போதும் கட்டியிருப்பான். அதனால் சந்தேகம் குறைந்ததா என்றால் இல்லை, இந்தத் தடவை கட்டியிருக்கிறான் என்றுதான் தோன்றும். வேலையே அதுதானே, எல்லாம் சரியாக இருக்கிறது என்று எவன் சொன்னாலும் நம்பாமல் இருப்பதற்குத்தான் சம்பளம். ஆனால் அதையும் வாய்விட்டுச் சொன்னால் என்ன ஆகும் என்று இதற்கு முந்தின கம்பெனியில் பார்த்துவிட்டாள். அங்கேயும் இப்படி ஒரு கூட்டம். எல்லாருக்கும் ஓகேதானே என்று பெரியவர் கேட்க, பத்துத் தலை ஒன்றாக ஆட, அவள் மட்டும் எனக்கு ஓகே இல்லை என்றாள். காரணம் கேட்டார்கள். மனசு ஒப்பவில்லை என்பதைத் தவிர உருப்படியாக ஒன்றும் சொல்ல முடியவில்லை. சரி என்று ஒரு வாரம் தள்ளிவைத்தார்கள். அந்த வாரம் முழுக்கத் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை, ஒரு எழுத்துப் பிழைகூட. பெரிய பிழை ஏதாவது வந்துவிடாதா என்று அவள் ஏங்கினாள், தன் பிள்ளைக்குக் காய்ச்சல் வரட்டும் என்று வேண்டிக்கொள்வதைப் போல. அப்புறம் அந்த வாரத்துக்குப் பெயரே வைத்துவிட்டார்கள், தமயந்தி வாரம். கேன்டீனில் தட்டோடு வரிசையில் நின்றால் பின்னாலிருந்து ஒருவன், தமயந்தி சொன்னாத்தான் சாம்பார ஊத்தணும், பார்த்து ஊத்துங்க என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். தப்பான மென்பொருளை விட்டுவிட்டவர்களைக்கூட மறந்துவிடுவார்கள். ஒன்றுமில்லாததற்கு நிறுத்தச் சொன்னவளை மறப்பதில்லை. தோற்றதற்காகச் சிரிக்கவில்லை அவர்கள், பயந்ததற்காகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் காதுக்குள் இருந்தது, ஏசியின் இரைச்சலைப் போல, நின்றால்தான் இருந்தது தெரியும் என்கிற மாதிரி.

கதவு திறந்தது. நஸ்ரீன் வந்தாள், மையங்களுக்கு நேரில் போய் டாக்டர்கள், நர்ஸ்கள் என்ன கேட்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு வருகிற பெண், கூட்டத்திலேயே இளையவள். "தமயந்திக்கா, சாப்டீங்களா?" என்றாள். சாப்பிட்டேன் என்றாள் தமயந்தி, இவளுக்குத் தெரியுமா, இவளும் அதில் உண்டா என்று அவள் முகத்தைப் பார்த்தபடி. பிறகு திரைகளை வடிவமைக்கிற இரண்டு பையன்கள், பிறகு ஜெபசிங், அவன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் உள்ளே வந்தான். எதற்கு நின்றான்? கடைசியாக லோகநாயகி. வந்தவுடன், பெரிய அறையில் ஏசி ஓடவில்லை என்று சொன்னார். நேரம் மாற்றியதற்கு, மேலே இருக்கிற பத்ரி ஐந்து மணிக்கு வாடிக்கையாளரிடம் பதில் சொல்ல வேண்டுமாம், அதற்கு முன்னால் நமக்கு நிதானமாகப் பேச நேரம் வேண்டுமே என்று மாற்றினாராம். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் தயாராக இருந்தது. இந்த அம்மாளின் முறைகளே ஒரு தினுசு. போன கூட்டத்தில், இந்த மென்பொருள் போய் மூன்று மாதம் ஆகிவிட்டது, படுதோல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏன் தோற்றது என்று ஆளுக்கொன்று எழுதுங்கள் என்றார். எல்லோரும் உஷாராக எழுதினார்கள். இணைய வேகம் போதவில்லை, பயிற்சி போதவில்லை, பிரிண்டர் சரியில்லை. யாரும் யாரையும் தொடாத காரணங்களாகப் பார்த்துப் பொறுக்கியிருந்தார்கள். தமயந்தி எழுதியதும் பிரிண்டர்தான். லோகநாயகி அவற்றையெல்லாம் படித்துவிட்டு, சரி என்று மட்டும் சொன்னார். அந்தச் சரி அவளுக்கு அப்போதே பிடிக்கவில்லை. இன்றைக்குக் கையில் மஞ்சள் சீட்டுகள் கொண்டுவந்திருந்தார், ஆளுக்கொன்று, கூடவே ஒரே மாதிரி நீலப் பேனாக்கள். பேசுவதற்கு முன்னால் எழுதிவிட வேண்டும், திங்கட்கிழமை இதை ஓடவிட உங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை, ஒன்றிலிருந்து ஐந்து வரை. ஐந்து என்றால் தயங்காமல் விடலாம். எழுதிக் கவிழ்த்துவைத்து எல்லோரும் ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். அதிகம் போட்டவரும் குறைவாகப் போட்டவரும் முதலில் பேச வேண்டும், மற்றவர்கள் குறுக்கே வரக்கூடாது. ஒருத்தர் வாயைப் பார்த்து இன்னொருத்தர் எழுதக்கூடாது என்பதற்காக இப்படி என்றார். பேனா எதற்கு ஒரே மாதிரி? தமயந்தி தன் சீட்டைத் திருப்பிப் பார்த்தாள், மூலையில் ஏதாவது புள்ளி வைத்திருக்கிறார்களா என்று. இல்லை. பெயர் இல்லாமல் எழுதச் சொல்கிறார்களா, ஆனால் அவரவர் முன்னாலேயே திருப்பினால் பெயர் எதற்கு? யாரிடம் எது இருக்கிறது என்று தெரியத்தானே போகிறது. பின்னே என்ன கணக்கு இதில்?

பேனா மூடியைக் கழற்றினாள். ஒன்று என்று போட்டால் குறைவாகப் போட்டவள் என்று முதலில் எழுப்புவார்கள். ஏன் என்று கேட்டால் அந்த எடையைச் சொல்ல வேண்டும், சொன்னால் எங்கே பதிவு என்று கேட்பார்கள், பதிவு இல்லை. ஏன் இல்லை? மறுபடி வரவில்லை. வராத ஒன்றுக்கா ஒன்று போட்டீர்கள்? அப்புறம் ஒரு வாரம் தள்ளும், அந்த வாரத்துக்கு ஒரு பெயர் வைப்பார்கள். ரெண்டு போட்டாலும் அதே கதைதான். மூன்று என்பது மதில் மேல் உட்கார்வது, உட்கார்ந்தவளை இறங்கச் சொல்வார்கள். ஐந்து போட மனசு வராது, அது பொய். ஐந்தை ஜெபசிங் போடுவான், அவன் எழுதினது, அதுவும் சத்தமில்லாமல் திருத்திவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறவன். நஸ்ரீன் நாலு போடுவாள், மென்பொருள் வருகிறது வருகிறது என்று மையங்களில் சொல்லி வைத்திருக்கிறாள், பின்வாங்க முடியாது. பையன்கள் ஜெபசிங் பக்கம். ஆக எல்லாம் நாலும் ஐந்தும். நாலு போட்டால் யாரும் அவளைப் பார்க்கப்போவதில்லை, கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடலாம். நாளைக்கு ஏதாவது ஆனாலும் நான் ஐந்து போடவில்லையே என்று சொல்ல ஒரு இடம் இருக்கும். அந்த ஒரு எண்ணுக்காகவா? படுத்திருக்கிற ஒருவரின் கண் செருகுவது நினைவுக்கு வந்தது. யாரென்று முகம் இல்லாத ஒருவர், ஆரோக்கியம் என்று பெயர் மட்டும். அது வெறும் சோதனைப் பெயர், அப்படி ஒருவர் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஜெபசிங் திருத்திவிட்டான், திருத்தித்தான் இருப்பான், அதனால் நாலு என்பது பொய்கூட இல்லை. அவனைச் சந்தேகப்பட்டுக்கொண்டே அவன் திருத்தியிருப்பான் என்று அவனையே நம்புகிறோமே என்று ஒரு பக்கம் உறைத்தது. அதற்குள் கை எழுதிவிட்டது. நாலு. கவிழ்த்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.

திருப்புங்கள் என்றார் லோகநாயகி. மஞ்சளாக ஆறு சீட்டுகளும் புரண்டன. முதலில் நஸ்ரீனுடையதுதான் கண்ணில் பட்டது, ரெண்டு. தப்பாகத் தலைகீழாகப் பார்க்கிறோமா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள். ரெண்டுதான். பையன்களிடம் ஒரு மூன்று, ஒரு ரெண்டு. லோகநாயகியும் ஒரு சீட்டு எழுதியிருந்தார், மூன்று. ஜெபசிங்கிடம் ஒன்று. ஒரு நேர்கோடு, மேலேயும் கீழேயும் ஒருதடவைக்கு இரண்டு தடவை அழுத்தி வரைந்திருந்தான், காகிதம் கிழியாத குறை. மேஜையில் ஒரே ஒரு நாலு இருந்தது, அது தமயந்தியின் முன்னால் இருந்தது. பேசிவைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள் என்பதுதான் முதலில் தோன்றியது. டீக்கடையில் பேசியது இதைத்தான். எல்லோரும் குறைத்துப் போடுவோம், அவள் ஒருத்தி மாட்டட்டும். ஆனால் அவள் நாலு போடுவாள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அவளுக்கே எழுதுகிற வரை தெரியாதே. தர்க்கம் அங்கே வந்து முட்டிக்கொண்டு நின்றது. லோகநாயகி குரலை உயர்த்தவில்லை. "தமயந்தி, உங்களோடதுதான் அதிகமா இருக்கு. எதை வெச்சு நாலு போட்டீங்கன்னு சொல்லுங்க, கேட்டுக்கறோம்" என்றார். கேட்ட விதத்தில் கேலி இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. இல்லை என்பதே பயமாக இருந்தது. எதையாவது சொல்லலாம், சோதனைகள் எல்லாம் தேறிவிட்டன, எண்கள் நன்றாக இருக்கின்றன என்று. அது உண்மையும்கூட. அப்போதுதான் மேஜை லேசாக ஆடுவதைக் கவனித்தாள். ஜெபசிங்கின் கால். மேஜைக்கு அடியில் அவன் கால் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. அவன் யாரையும் பார்க்கவில்லை, தன் ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான், இப்போது திட்டப்போகிறார்கள் என்று காத்திருக்கிற பிள்ளையைப் போல. ஒருத்தியைச் சிக்கவைக்கத் திட்டம் போட்டவன் இப்படி உட்கார்ந்திருக்கமாட்டான். இல்லை, உட்காரவும் கூடும். கூடுமா? எத்தனை தடவைதான் திருப்பிப் போட்டுப் பார்ப்பது என்று அவளுக்கே அலுத்துவிட்டது. உள்ளே ஏதோ ஒன்று களைத்துப்போய்க் கையை விட்டது. "நாலு இல்ல," என்றாள். "எனக்கு ஒண்ணுதான். பயந்துக்கிட்டு நாலுன்னு போட்டேன்."

பிறகு சொன்னாள். ஐம்பத்தாறு ஐம்பத்து நாலானது, தானே அதன்மேல் மறுபடி எழுதி அழித்துவிட்டது, திரும்ப வராதது, பதிவு செய்யாமல் விட்டது, முந்தின கம்பெனியின் வாரத்தைத் தவிர எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், யார் முதலில் புருவத்தைத் தூக்குகிறார்கள் என்று. லோகநாயகி எழுதிக்கொள்ளக்கூட இல்லை. ஜெபசிங்கின் முறை வந்தது. அவன் அவளைப் பார்த்தே பேசினான். "நீங்க வந்து சொல்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி எனக்கும் மாறிச்சு. அதே ஆரோக்கியத்துக்குப் போன் நம்பர் மாத்தினேன், பழைய நம்பரே திரும்பி வந்துச்சு. நான் பெரிசா எடுத்துக்கல. நீங்க சொன்ன பிறகுதான் பக்குன்னு ஆயிருச்சு. தினமும் தேடினேன், மறுபடி வரல. நீங்க பதிவு பண்ணுவீங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன், பண்ணல. சரி, மேலே யார்கிட்டயோ பேசி அதை மூடிட்டீங்க போல, இனிமே நான் சொன்னா என் தலைல விழும்னு நெனச்சேன்." வியாழக்கிழமை மாற்றம் திருத்தம் இல்லையாம். அது மறுபடி வந்தால் எந்த நொடியில், யார் சேமித்தபோது வந்தது என்று எழுதிவைக்கிற வரிகளாம். திருத்த வழி தெரிந்திருந்தால் வெளிப்படையாகவே திருத்தியிருப்பேனே என்றான். காலையில் டீக்கடையில் திங்கட்கிழமையைத் தள்ள முடியுமா என்றுதான் கேட்டானாம், காரணத்தைச் சொல்லாமல். காரணம் எதுவானாலும் தனியாக என்னிடம் சொல்லாதீர்கள், எல்லோரும் இருக்கும்போது சொல்லுங்கள் என்று மேடம் சொல்லிவிட்டாராம். தமயந்தி கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் அவளைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தான் என்பது அவளுக்கு விசித்திரமாக இருந்தது. அவள் மேலே போய் யாரோடோ பேசி விஷயத்தை மூடிவிடுகிற ஆள் என்று ஒருவன் மூன்று இருக்கை தள்ளி உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். அவள் பார்வையில் அவன் எப்படி இருந்தானோ, அப்படியே அவன் பார்வையில் அவள். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, ஏதோ கூச்சம்தான் வந்தது, கூட்டமான பஸ்ஸில் யார் காலையோ மிதித்துவிட்ட மாதிரி.

நஸ்ரீன் கையைத் தூக்கினாள், பள்ளிக்கூடத்தில் தூக்குவது போல. தான் ரெண்டு போட்டதற்குக் காரணம் வேறு என்றாள். "தாம்பரத்துல டாக்டர் மேல அவர் ரூம்ல ஒரு பேஷன்ட்டைத் திறந்து வெச்சிருப்பார். அதே நேரத்துல நர்ஸ் கீழே பெட் பக்கத்துல அதே பேஷன்ட்டைத் திறந்து வெச்சிருப்பாங்க. நாள் முழுக்க அப்படித்தான். நாம ஒருதடவையாவது ரெண்டு பேர் சேர்ந்து ஒருத்தரைத் திறந்து பார்த்தோமான்னு தோணிச்சு. கேட்டா சின்னப்புள்ளத்தனமா இருக்குமோன்னு விட்டுட்டேன்." ஜெபசிங்கின் கால் நின்றது. அவன் மெதுவாக, அன்னைக்கு எனக்கு மாறினப்ப நீங்களும் ஆரோக்கியத்தைத் திறந்து வெச்சிருந்தீங்களா என்று கேட்டான். வெச்சிருந்தேன், பட்டியலில் முதல் பெயர், எல்லோரும் அதைத்தான் திறப்பார்கள் என்றாள் தமயந்தி. சொல்லி முடிப்பதற்குள் இருவர் கையும் மடிக்கணினிக்குப் போய்விட்டது. அவள் ஆரோக்கியத்தைத் திறந்தாள், அவனும் திறந்தான், இரண்டு திரையிலும் எடை ஐம்பத்து நாலு. அவள் எடையை ஐம்பத்தாறாக மாற்றிச் சேமித்தாள், பச்சை எழுத்து வந்தது. அவன், முன்னமே திறந்திருந்த தன் திரையில், எடையைத் தொடவே இல்லை, போன் நம்பரின் கடைசி இலக்கத்தை மாற்றிச் சேமித்தான். அவனுக்கும் பச்சை எழுத்து. தமயந்தி தன் திரையைப் புதுப்பித்தாள். ஐம்பத்து நாலு. அவன் சேமித்தபோது அவன் திரையில் கிடந்த பழைய எடையும் போன் நம்பரோடு சேர்ந்து போய், அவள் போட்டதை அழித்திருந்தது. வாரம் முழுக்க ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் தேடியிருக்கிறார்கள். தனியாகத் தேடுகிற வரை அது வந்தே இருக்காது. திங்கட்கிழமை தாம்பரத்தில், மாடியில் ஒரு டாக்டரும் கீழே ஒரு நர்ஸுமாகச் சேர்ந்து, தெரியாமலே அதை வரவழைத்திருப்பார்கள். இயந்திரம் சொன்னபடி உறிஞ்சியிருக்கும். நஸ்ரீன் எழுந்து வந்து திரையை எட்டிப்பார்த்து, அந்த ஐம்பத்து நாலை விரலால் தொட்டாள். எத்தனையோ வருஷமாகப் பிழை கண்டுபிடித்திருக்கிறாள் தமயந்தி, கண்டுபிடித்ததும் ஒரு சின்ன வெற்றி உள்ளே துள்ளும், இன்றைக்குத் துள்ளவில்லை. நாலு என்று எழுதின சீட்டு முழங்கைக்கு அடியில் கிடந்தது. எல்லோரும் நாலு போட்டிருந்தால் என்ற நினைப்பைப் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

லோகநாயகி கைப்பேசியை எடுத்துக்கொண்டு எழுந்தார். பத்ரியிடம் திங்கட்கிழமை இல்லை என்று இப்போதே சொல்லிவிடுகிறேன், எப்போது என்று நாளைக்கு நீங்கள் யோசித்துச் சொல்லுங்கள், நான் சொல்லும் தேதியை நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே போனார். கதவு மெதுவாக, தானாகவே சாத்திக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் நடந்துகொண்டே பேசுவது தெரிந்தது, சத்தம் வரவில்லை. மேலே இருக்கிறவர் முதலில் என்ன கேட்பார் என்று தமயந்திக்குத் தெரியும். யாரால் என்றுதான் கேட்பார். அவள் அந்த அம்மாளின் உதடுகளையே பார்த்தாள். தன் பெயரைச் சொன்னால் உதடுகள் நடுவில் ஒருதடவை ஒட்டிப் பிரியும், மூடாமல் ம சொல்ல முடியாது. ஒட்டின மாதிரி இருந்தது. இல்லை, அது பத்ரியோ, மண்டேவோ, எதுவாகவும் இருக்கலாம். லோகநாயகி நடைபாதை முனைவரை போய்த் திரும்பினார், இந்தப் பக்கம் பார்த்துத் தலையசைத்தார், யாருக்கு என்று தெரியவில்லை. மறுபடி ஒட்டின மாதிரி இருந்தது. "தமயந்தி," என்றான் ஜெபசிங். அவள் திரும்பவில்லை. "இன்னொருதடவை பார்த்துருவோமா? இப்ப நான் முதல்ல சேமிக்கிறேன், நீங்க அப்புறமா பண்ணுங்க. எது ஜெயிக்குதுன்னு தெரியணும்." கண்ணாடிக்கு வெளியே உதடுகள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன. தமயந்தி ஒரு மூச்சு நேரம் பார்த்தாள், பிறகு நாற்காலியை அவன் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டு, "நில்லுங்க, நான் சொன்னப்புறம் அமுக்குங்க" என்றாள்.